பாதுகாப்பு விற்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைபர் மோசடி பற்றித் தங்கள் நாளிதழ் விடாமல் எழுதிவருகிறது. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்கைத் தொடாதீர்கள், பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள் என்று நீங்கள் போடும் கட்டங்களைக் கத்தரித்து, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் வியாபாரிகளை எனக்குத் தெரியும். அந்த எச்சரிக்கைகள் எல்லாம் பணம் வைத்திருப்பவர்களுக்கானவை. கம்ப்யூட்டர் பாதுகாப்பையே தொழிலாக விற்கிற நிறுவனங்கள் இப்போது சேலத்திலும் வந்துவிட்டன. நமக்குச் சொல்லும் புத்திமதியை அவர்கள் தங்கள் அலுவலகத்துக்குள் கடைப்பிடிக்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் வரி ஆலோசகராக இருக்கிறேன். கொலுசுப் பட்டறைகள், மளிகை மண்டிகள், ஆத்தூர் ரோட்டில் உள்ள சில ஜவ்வரிசி ஆலைகள் ஆகியவற்றின் கணக்குகளைப் பார்க்கிறேன். என் தொழிலில் பாதி, மற்றவர்களுடைய சாவியை வைத்திருப்பதுதான். ஜி.எஸ்.டி. தளத்தின் பாஸ்வேர்டு, வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டு, டிஜிட்டல் கையெழுத்துப் போடும் யு.எஸ்.பி. டோக்கன் எல்லாம் எங்களைப் போன்றவர்களிடம்தான் இருக்கும். ஊரில் பல கணக்கு அலுவலகங்களில் ஒரு டிராயரை இழுத்தால் டோக்கன்கள் கொத்தாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் மேலும் முதலாளி பெயர், பக்கத்திலேயே ஒட்டுத்தாளில் பின் நம்பர். என் அலுவலகத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. டோக்கன் பூட்டிய பீரோவில் இருக்கும். உறையின் மேல் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பின் நம்பர் உரிமையாளரிடம். யார் எப்போது எடுத்தார்கள் என்று நோட்டில் கையெழுத்து. "எதுக்கும்மா இத்தனை கெடுபிடி?" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஒருவருடைய டோக்கன் தொலைந்தால் அவருக்கு மட்டும் நஷ்டம். என் பீரோ போனால் ஒரு தெருவுக்கே நஷ்டம். இதை நான் சொன்னதும் பெரும்பாலும் பேச்சு அடங்கிவிடும்.

பாதுகாப்பு நிறுவனங்களின் நிலையும் இதேதான், இன்னும் பெரிய அளவில். நூறு கம்பெனிகளின் சாவி ஒரே இடத்தில் இருக்கிறது என்றால் திருடன் நூறு இடத்துக்கு ஏன் போக வேண்டும்?

என் கட்சிக்காரர் ஒருவரின் ஜவ்வரிசி ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். அது சரக்கு அனுப்புவது மும்முரமாக இருந்த நேரம். மகாராஷ்டிராவுக்கு லோடு போக வேண்டும். லாரி கேட்டில் நிற்கிறது, சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில் போட்டுக்கொண்டிருக்கிறோம். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு ஒரு பாதுகாப்பு நிறுவனம் ஃபயர்வால், ஆன்டி வைரஸ் எல்லாம் போட்டு வருட ஒப்பந்தமும் எழுதியிருந்தது. ஏதோ தடங்கல் என்று அவர்களுடைய டெக்னீஷியன் வந்திருந்தார். நல்ல பையன், சுறுசுறுப்பானவர். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவர் நிர்வாகி பாஸ்வேர்டைத் திரையில் எல்லோரும் பார்க்கும்படி தட்டினார். அவர்கள் நிறுவனத்தின் பெயர், அதற்குப் பின்னால் ஒன்று இரண்டு மூன்று. அதே பாஸ்வேர்டை அதே நிறுவனத்தின் இன்னொரு ஆள், இன்னொரு கட்சிக்காரரின் கொலுசுக் கடையில் தட்டியதையும் நான் பார்த்திருக்கிறேன்.

"தம்பி, எல்லா இடத்துக்கும் இது ஒண்ணுதானா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க மேடம். ஆளாளுக்கு வேற வேற வச்சா எங்களுக்கு ஞாபகம் இருக்காதுங்க."

"உங்க கம்பெனியை விட்டுப் போனவங்களுக்கும் இது தெரியும்தானே?"

"அவங்க எல்லாம் நல்ல பசங்க மேடம்."

வெளியிலிருந்தபடியே ஆலைக் கம்ப்யூட்டருக்குள் வரும் ரிமோட் மென்பொருளும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் யாரும் அனுமதி கொடுக்கத் தேவையில்லாத மாதிரி அமைத்திருந்தார்கள். ராத்திரி ஆலை பூட்டியிருக்கும்போதும் அந்த நிறுவனத்தில் இருப்பவர் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். இருந்து விலகியவரும் வரலாம். வேலை முடிந்து கிளம்பும்போது அந்தப் பையன் ஆலையின் கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு, பாஸ்வேர்டு குறைந்தது 12 எழுத்து இருக்க வேண்டும், மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும், யாரிடமும் பகிரக் கூடாது என்று அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அவரை அனுப்பிய நிறுவனத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. நான் எழுத்தில் கேட்டேன்: உங்கள் ஊழியர்களுக்குத் தனித்தனி லாகின் உண்டா, விலகியவரின் அனுமதியை எப்போது எடுக்கிறீர்கள், வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகளை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பதிலாக வந்தது புதிய திட்டங்களின் விலைப்பட்டியல். ஆலை முதலாளி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. ஏனென்றால் இது அந்த ஒரு நிறுவனத்தின் குறை மட்டும் அல்ல.

பெரிய இடங்களிலும் இதுவே நடந்திருக்கிறது. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவில் எச்.பி.கேரி ஃபெடரல் என்ற பாதுகாப்பு நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களை இணையத்தில் கொட்டினார்கள். வலைதளத்தில் ஒரு பழைய ஓட்டை. அதில் கிடைத்த, தலைவரின் எளிமையான பாஸ்வேர்டு அவருடைய மின்னஞ்சலையும் திறந்தது. காரணம், ஒரே பாஸ்வேர்டைப் பல இடங்களில் வைத்திருந்தார். அரசாங்கங்களுக்கே ஆலோசனை விற்ற நிறுவனம் அது.

அடுத்த மாதமே ஆர்.எஸ்.ஏ. நிறுவனம் மாட்டியது. வங்கிகளிலும் பெரிய கம்பெனிகளிலும் சாவிக்கொத்தில் தொங்கும், நிமிஷத்துக்கு ஒரு எண் மாறும் சின்னக் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்து விற்றவர்கள். ஆள் எடுக்கும் திட்டம் என்ற தலைப்போடு ஊழியர்களுக்கு ஒரு எக்செல் கோப்பு வந்தது. ஒருவர் திறந்தார், அவ்வளவுதான். திருடர்கள் எடுத்துப்போனது அந்தக் கருவிகள் சம்பந்தப்பட்ட தகவல். பிறகு ஆயுதத் தளவாடம் செய்யும் லாக்ஹீட் மார்ட்டின் மீது நடந்த தாக்குதலில் அந்தத் தகவல் பயன்பட்டது. ஊர் முழுக்கப் பூட்டு விற்றவர்களின் பட்டறைக்குள் ஒரு மின்னஞ்சல் வழியாக நுழைந்துவிட்டார்கள்.

அதே ஆண்டு நெதர்லாந்தில் டிஜிநோட்டார். வலைதளம் உண்மையானதுதான் என்று சான்றிதழ் கொடுப்பது அவர்கள் வேலை. அங்கே நுழைந்தவர்கள் கூகுள் பெயரில்கூடப் போலிச் சான்றிதழ் அடித்துக்கொண்டார்கள். ஈரானில் ஜிமெயில் வைத்திருந்தவர்கள் அதனால் உளவு பார்க்கப்பட்டார்கள். விசாரித்துப் பார்த்தால், முக்கியமான சர்வர்களில் ஆன்டி வைரஸ்கூட இல்லை, பாஸ்வேர்டும் எளிதில் உடையக்கூடியது. செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. நம்பிக்கையை விற்கிற தொழிலில் நம்பிக்கை போனால் மிச்சம் எதுவும் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

சரி, ஒழுங்காக இருக்கிறவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். என் அண்ணன் மகள் பெங்களூரில் ஒரு பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு நாங்கள் எல்லோரும் ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் அண்ணன் வீட்டில் கூடியிருந்தோம். காபித் தோட்டத்துக்கு நடுவில் வீடு. சிக்னல் திண்ணையில்தான் கிடைக்கும். அவள் திண்ணையில் உட்கார்ந்து, லேப்டாப்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சாவியைச் செருகி, அதைத் தொட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு போன். "நீங்கள் ஏற்காட்டிலிருந்து லாகின் செய்திருக்கிறீர்களா? நாங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுகிறோம்." அவள் பதில் சொல்லவில்லை. "நான் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டு, அலுவலகத் தளத்தில் இருக்கும் எண்ணைத் தேடி எடுத்து, தானே கூப்பிட்டு, ஆமாம் நான்தான் என்றாள்.

"ஏண்டி, அவங்கதானே கூப்பிட்டாங்க, அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்கதான் கூப்பிட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் அத்தை?"

அப்புறம் என் பையன் ஏற்காட்டில் எடுத்த போட்டோக்களை மாற்றித் தரச் சொல்லிப் பென் டிரைவை நீட்டினான். அவள் லேப்டாப் அதை ஏற்கவே இல்லை. பென் டிரைவ் வேலை செய்யாதபடி நிறுவனமே அடைத்திருக்கிறது. பெரியவர்களுக்கும் இதுதானா என்று கேட்டேன். எம்.டி.யின் லேப்டாப்பும் இதே மாதிரிதான் என்றாள். ஊழியர்களைச் சோதிக்க நிறுவனமே அவ்வப்போது பொய் மின்னஞ்சல் அனுப்புமாம். ஒரு முறை ஒரு டைரக்டரே அதில் மாட்டினார். அவரும் மற்றவர்களோடு உட்கார்ந்து அதே வகுப்பை முடித்தாராம். யாரும் சிரிக்கவில்லை, யாரையும் திட்டவும் இல்லை என்றாள். எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. திட்டுவார்கள் என்று பயந்தால் தப்பான லிங்கைத் தொட்டவர் வாயைத் திறக்க மாட்டார். அந்த மௌனத்தில்தான் திருடனுக்கு நேரம் கிடைக்கிறது.

ஏற்காட்டுத் திண்ணைக்கு வந்த அந்தப் போன் மாதிரியான ஒரு விசாரிப்புதான், உலகத்தை உலுக்கிய ஒரு திருட்டை 2020-இல் வெளிக்கொண்டு வந்தது. ஃபயர்ஐ என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தில் ஒரு ஊழியரின் கணக்கில் இரண்டாவதாக ஒரு கைபேசி பதிவாகியிருந்ததைப் பாதுகாப்புப் பிரிவினர் கவனித்தார்கள். சின்ன விஷயம். புதுப் போன் வாங்கியிருப்பார் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. அவரிடம் கேட்டார்கள், தன்னுடையது இல்லை என்றார். அந்த நூலைப் பிடித்துத் தோண்டினார்கள். வாடிக்கையாளர்களின் பாதுகாப்பைச் சோதிக்கத் தாங்களே செய்து வைத்திருந்த தாக்குதல் கருவிகள் திருடுபோயிருந்தன. டிசம்பர் 8-ஆம் தேதி அதை அவர்களே ஊரறியச் சொன்னார்கள். திருடுபோன கருவிகளை யாராவது பயன்படுத்தினால் கண்டுபிடிக்கும் வழிகளையும் இலவசமாக வெளியிட்டார்கள். ஐந்து நாளில் வேரும் தெரிந்தது. சோலார்விண்ட்ஸ் என்ற நிறுவனத்தின் மென்பொருள் அப்டேட்டுக்குள்ளேயே விஷம் கலந்திருந்தது. அந்த அப்டேட் போய்ச் சேர்ந்த வாடிக்கையாளர்கள் 18,000 பேர் வரை இருப்பார்கள் என்று சோலார்விண்ட்ஸே சொன்னது. அமெரிக்க அரசுத் துறைகளும் அதில் உண்டு. மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாதது, தன் வீட்டுக் கணக்கை ஒழுங்காகப் பார்த்த ஒரு நிறுவனத்தின் கண்ணில் பட்டது.

என் அண்ணன் மகள் லேப்டாப்பில் செருகிய அந்தச் சாவியைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும், நம் வியாபாரிகளுக்கு இது தெரியாது. ஓ.டி.பி.யைப் போலித் தளத்தில் தட்டினாலும் அது திருடன் கைக்குப் போய்விடும், அவன் உடனே அசல் தளத்தில் தட்டி உள்ளே போய்விடுவான். செருகும் சாவி அப்படி இல்லை. அது எந்தத் தளத்தோடு பதிவு செய்யப்பட்டதோ அந்த முகவரிக்குத்தான் பதில் சொல்லும். போலித் தளம் பார்க்க எவ்வளவு அசலாக இருந்தாலும் முகவரி வேறு என்பதால் சாவி வாயே திறக்காது. மனிதர் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. கூகுள் 2017-இன் தொடக்கத்திலிருந்து தன் ஊழியர்கள் எல்லோருக்கும் இதைக் கட்டாயமாக்கியது. அப்போது 85,000-க்கு மேற்பட்டவர்கள். அதன் பிறகு ஒரு ஊழியரின் கணக்குகூடத் தூண்டில் மின்னஞ்சலால் பறிபோகவில்லை என்று 2018-இல் சொன்னது. 2022-இல், வலைதளங்களுக்குப் பாதுகாப்பு கொடுக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஊழியர்களுக்குக் கைபேசியில் போலி லிங்க் வந்தது. மூன்று பேர் பாஸ்வேர்டைத் தட்டியேவிட்டார்கள். ஆனாலும் திருடர்களால் உள்ளே போக முடியவில்லை. சாவி இல்லை அவர்களிடம். கிளவுட்ஃப்ளேர் அதை மறைக்காமல் எழுதியது.

அடுத்த ஆண்டே அதே கிளவுட்ஃப்ளேர் சறுக்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். மற்ற கம்பெனிகளின் லாகினைப் பார்த்துக்கொள்ளும் ஆக்டா என்ற நிறுவனத்தில் நடந்த திருட்டில், பாஸ்வேர்டு மாதிரியான தங்கள் ரகசியச் சாவிகள் சில வெளியே போயின என்று தெரிந்து எல்லாவற்றையும் மாற்றினார்கள். அதில் நாலே நாலு மட்டும் விடுபட்டுப் போயின. அந்த நாலைக் கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார்கள். ஆக்டாவிலேயே அந்தத் திருட்டு எப்படி வந்தது என்று பார்த்தால், ஒரு ஊழியர் அலுவலக லேப்டாப்பில் தன் சொந்த கூகுள் கணக்கைத் திறந்து வைத்திருந்ததில், அலுவலக பாஸ்வேர்டு அந்தச் சொந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தது. நம் அலுவலகங்களில் குரோமில் "சேமிக்கவா?" என்று கேட்டால் யோசிக்காமல் "சரி" அழுத்துகிறோமே, அதேதான். கிளவுட்ஃப்ளேர் தன் சறுக்கலை 2024 பிப்ரவரி 1-ஆம் தேதி தேதிவாரியாக எழுதி வெளியிட்டது. எந்தச் சாவி விடுபட்டது என்பது உட்பட. தப்பே நடக்காத நிறுவனத்தை நான் தேடவில்லை. நடந்ததை இப்படி எழுதிக் காட்டுகிற நிறுவனத்திடம் என் கட்சிக்காரரை அனுப்புவேன்.

நோபிஃபோர் கதையும் அப்படித்தான். ஊழியர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பதே அவர்கள் தொழில். 2024-இல் ஒரு மென்பொருள் பொறியாளரை வேலைக்கு எடுத்தார்கள். வீடியோவில் நாலு நேர்காணல், பின்னணி விசாரணை எல்லாம் நடந்தது. ஆள் திருடிய அடையாளத்தில் வந்த வடகொரியக்காரர். அவருக்கு அனுப்பிய கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்த கையோடு அதில் தீய மென்பொருளை ஏற்றப் பார்த்தார். கண்காணிப்பில் அது உடனே தெரிந்தது, கம்ப்யூட்டரை முடக்கினார்கள். புதிதாகச் சேர்ந்தவர் என்பதால் அவருக்கு முக்கியமான எதற்கும் அனுமதி இல்லை, அதனால் ஒன்றும் போகவில்லை. அதை அவர்களே எழுதி வெளியிட்டார்கள். நேர்காணல் ஏமாந்தது, ஆனால் உள்ளுக்குள் வைத்திருந்த கட்டுப்பாடு ஏமாறவில்லை. இதை ஆத்தூர் ரோட்டு ஆலையோடு வைத்துப் பாருங்கள். அங்கே நேற்றுச் சேர்ந்த பையனிடமும் எல்லா வாடிக்கையாளரின் சாவியும் இருந்தது.

நம் பக்கத்தில் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும், கம்ப்யூட்டரில் யார் என்ன செய்தார்கள் என்ற பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது வேறு கேள்வி. ஆனால் உத்தரவு என்னவோ இருக்கிறது. சிலர் தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். கணக்குப் பார்க்கிற ஆள் என்பதால் நான் அதில் முதலில் படிப்பது, எந்த எல்லைக்கு அந்தச் சான்று என்ற வரியை. சென்னையில் இருக்கும் ஒரு பிரிவுக்கு மட்டும் வாங்கிய சான்றாக அது இருக்கலாம். சேலத்தில் நம் ஆலைக்கு வருகிற ஆட்களுக்கும் அவர்கள் கையாளும் ரிமோட் மென்பொருளுக்கும் அது பொருந்தவே பொருந்தாது. மாட்டியிருப்பதைப் பார்த்து மயங்காமல் அந்த வரியைப் படித்துப் பாருங்கள்.

தராசு விஷயத்தில் நம் ஊருக்கு இந்த அறிவு எப்போதோ வந்துவிட்டது. கடைத் தராசுக்கு முத்திரை இல்லாவிட்டால் அபராதம். அந்த முத்திரை போட வருகிற ஆய்வாளர் கொண்டுவரும் எடைக்கற்களும் சோதிக்கப்படுகின்றன. அவற்றைச் சரிபார்க்க மேலே ஒரு ஆய்வகம், அந்த ஆய்வகத்தின் கல்லைச் சரிபார்க்க அதற்கும் மேலே ஒன்று. சோதிக்கிறவரே சோதனைக்கு உட்பட்டவர் என்பதால்தான் அவர் சொல்லுக்குக் கடைக்காரர் கட்டுப்படுகிறார். கம்ப்யூட்டர் பாதுகாப்பில் மட்டும் எடைக்கல்லைக் கேட்காமலே முத்திரை வாங்கிக்கொள்கிறோம்.

என்ன கேட்பது என்று என் கட்சிக்காரர்கள் கேட்கிறார்கள். பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். எங்கள் கம்ப்யூட்டருக்குள் வர உங்களில் யார் யாருக்கு அனுமதி உண்டு, பெயரோடு கொடுங்கள் என்று கேளுங்கள். "எங்க டீம் பாத்துக்கும்" என்று பதில் வந்தால் ஒரே பாஸ்வேர்டை எல்லோரும் பகிர்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் அலுவலகத்தில் மின்னஞ்சல் திறக்கப் பாஸ்வேர்டு மட்டும் போதுமா, சாவியோ வேறொன்றோ வேண்டுமா என்று கேளுங்கள். ஒருவர் வேலையை விட்டால் அன்று மாலைக்குள் அவருடைய அனுமதி போகிறதா என்று கேளுங்கள். எங்களுக்கு நீங்கள் விற்கிற அதே மென்பொருள்தான் உங்கள் கம்ப்யூட்டரிலும் ஓடுகிறதா, புது அப்டேட் வந்தால் முதலில் யார் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறீர்கள் என்றும் கேளுங்கள். 2024 ஜூலை 19-ஆம் தேதி பாதுகாப்பு மென்பொருள் விற்கும் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு பிழையான அப்டேட், விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு ஒரே நேரத்தில் போனதில், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே திருடனே இல்லை. கடைசியாக, உங்கள் நிறுவனத்தில் ஏதாவது நடந்தால் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள் என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்றச் சொல்லி அந்தப் பையன் கொடுத்த தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரணம் இல்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்.ஐ.எஸ்.டி. 2017-லேயே சொல்லிவிட்டது. மாற்றச் சொல்லி நச்சரித்தால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள், அவ்வளவுதான். தானே கடைப்பிடிக்கிற நிறுவனமாக இருந்தால் இந்தத் தொல்லை தெரிந்து, அந்தத் தாளை எப்போதோ கிழித்திருக்கும். தன் மேல் போட்டுப் பார்க்காத விதி காலாவதியானதுகூடத் தெரியாது.

நம் பக்கமும் செய்ய வேண்டியது உண்டு. இ-வே பில் தளத்தில் இரண்டடுக்கு உள்நுழைவு 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கட்டாயம். என்ன நடக்கிறது? ஓ.டி.பி. முதலாளியின் போனுக்குப் போகிறது. அவர் கல்யாண வீட்டிலிருந்தோ கோயிலிலிருந்தோ கணக்குப் பிள்ளைக்குப் போனில் படித்துக் காட்டுகிறார். பக்கத்தில் நிற்பவர் எல்லோருக்கும் கேட்கும். அதே தளத்தில் ஒவ்வொரு ஊழியருக்கும் தனியாகத் துணைப் பயனர் கணக்கு தொடங்கும் வசதி இருக்கிறது. அவரவர் போனுக்கு அவரவர் ஓ.டி.பி. வரும். யார் எந்த பில் போட்டார் என்பதும் தெரியும். என் கட்சிக்காரர்களுக்கு இதைத்தான் முதலில் செய்து கொடுக்கிறேன்.

இப்போது என் வேண்டுகோள். சேலம் மாநகராட்சியும் கூட்டுறவு வங்கிகளும் சங்கங்களும் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கு டெண்டர் விடும்போது, விலைக்கு முன்னால் மேலே சொன்ன கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வமான பதிலைக் கேட்க வேண்டும். குறைந்த விலை கொடுத்தவருக்கே வேலை என்பது தளவாடத்துக்குச் சரியாக இருக்கலாம், நம் எல்லோருடைய ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் இருக்கும் இடத்துக்குச் சரியில்லை. வெள்ளி வியாபாரிகள் சங்கம், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் போன்றவர்கள் உறுப்பினர்களுக்காக ஒரு பொதுப் படிவம் தயாரித்தால், தனி ஆளாகக் கேட்கும்போது மழுப்புகிற நிறுவனங்கள் நாற்பது பேர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜாகீர் அம்மாபாளையத்தில் ஐ.டி. பார்க் இருக்கிறது. இந்தத் துறையில் படித்த பிள்ளைகள் ஊரிலேயே இருக்கிறார்கள். வரும் பதில்களைப் படித்து எது உண்மை, எது பூச்சு என்று பிரித்துச் சொல்ல வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

சேலத்தில் இந்தத் தொழில் செய்கிற நிறுவனங்களுக்கும் சொல்கிறேன். முதலில் பதில் எழுதுகிறவர் நீங்களாக இருங்கள். உங்கள் அலுவலகத்துக்குள் என்ன செய்கிறீர்கள், எதை இன்னும் செய்து முடிக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதி வெளியிடுங்கள். முடிக்காததையும் எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு என் கட்சிக்காரர்களில் பத்துப் பேரையாவது நான் உங்களிடம் அனுப்புவேன்.

கேள்விகளை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி என் அலுவலகத்தில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டிய வியாபாரிகள் வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு எதுவும் இல்லை. தங்கள் நாளிதழ் அதை வெளியிட விரும்பினால் உடனே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம் – 2
(பெயரும் முகவரியும் ஆசிரியரின் பார்வைக்காகத் தனியே இணைக்கப்பட்டுள்ளன)